ஏ-சீரீஸ் எஞ்சினுக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்? மைனர், மினி வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

4.22 டிஃபரென்ஷியல் (பின் அச்சின் பல்சக்கர விகிதம்) உள்ள மோரிஸ் மைனர் டாப் கியரில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,900 சுற்றில் ஓடுகிறது. 80 கி.மீ.க்கு 3,000. நூறைத் தொட்டால் 3,800. ஊருக்குள் பாதி, நெடுஞ்சாலையில் பாதி என்று ஓடும் வண்டியின் எஞ்சின் ஒரு நாளின் பெரும்பகுதியை 1,500-க்கும் 3,500-க்கும் இடையில்தான் கழிக்கிறது. கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு; சுருக்கமாகக் கேம்) மாற்ற நினைப்பவர் விற்பனைப் பட்டியலைத் திறப்பதற்கு முன் இந்தக் கணக்கைத் தன் வண்டிக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏ-சீரீஸில் நடக்கும் தவறான தேர்வுகளில் பெரும்பாலானவை ஒரே வகை: தேவைக்கு ஒரு படி பெரிய கேமை வாங்கிவிடுவது.

1951-இல் ஆஸ்டின் ஏ30-இல் 803 சி.சி.யாக வந்த எஞ்சின் இது. 948, 1098, 998, 1275 என்று வளர்ந்து 2000-இல் கடைசி மினியோடுதான் ஓய்ந்தது. இத்தனை காலம் உற்பத்தியில் இருந்ததால் இதற்கென்று செய்யப்பட்ட கேம்களும் ஏராளம். இலங்கையில் இன்றும் மைனர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்குள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தும் ஒரு விஷயம் பெட்ரோலைப் பற்றியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

எண்கள் சொல்வது என்ன

கேமைக் குறிக்கும் நான்கு எண்களும் கிராங்க் சுழலும் பாகைகள் (மேல் முனை, கீழ் முனை என்பவை பிஸ்டன் ஏறி, இறங்கி நிற்கும் எல்லைகள்): இன்லெட் வால்வு மேல் முனைக்கு எத்தனை பாகை முன்பு திறக்கிறது, கீழ் முனைக்கு எத்தனை பாகை பின்பு மூடுகிறது, எக்ஸாஸ்ட் வால்வு கீழ் முனைக்கு எத்தனை பாகை முன்பு திறக்கிறது, மேல் முனைக்கு எத்தனை பாகை பின்பு மூடுகிறது. டியூரேஷன் என்பது ஒரு வால்வு திறந்திருக்கும் மொத்தப் பாகை; ஓவர்லாப் என்பது இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் பாகை. நான்கு பழைய கேம்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

| கேம் | இன்லெட் | எக்ஸாஸ்ட் | டியூரேஷன் | ஓவர்லாப் |
|---|---|---|---|---|
| 948 தொழிற்சாலைக் கேம் | 5 / 45 | 40 / 10 | 230 / 230 | 15 |
| எம்.ஜி. மெட்ரோ | 16 / 56 | 59 / 29 | 252 / 268 | 45 |
| 731 | 24 / 64 | 59 / 29 | 268 / 268 | 53 |
| 649 | 50 / 70 | 75 / 45 | 300 / 300 | 95 |

டியூரேஷனில் பாதியை எடுத்து, அதிலிருந்து இன்லெட் திறக்கும் எண்ணைக் கழித்தால் இன்லெட் முழு லிஃப்ட் (வால்வு தூக்கப்படும் அளவு) அடையும் இடம் மேல் முனைக்குப் பின் எத்தனை பாகை என்று கிடைக்கும். 948-க்கு 115-இல் 5 போக 110. மெட்ரோவுக்கு 126-இல் 16 போக 110. 731-க்கு 134-இல் 24 போக 110. மூன்றிலும் ஒரே இடம்தான். எக்ஸாஸ்டுக்கும் இப்படிப் பார்த்தால் மூன்றிலும் 105 வரும். ஆக, லோப்களின் (வால்வைத் தூக்கும் கேமின் மேடுகள்) நடுப்புள்ளியை அசைக்காமல் இரு பக்கமும் விரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். 649-இல்தான் இன்லெட் நடுப்புள்ளி முன்னே நகர்ந்து 100-இல் வருகிறது. முழுப் பந்தயக் கேம் அது. இந்த 110 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், டைமிங் வைக்கும்போது வேண்டியிருக்கும்.

கென்ட் நிறுவனத்தின் 256, 266, 276, 286, பைப்பரின் 270, 285 ஆகிய பெயர்களில் உள்ள எண்ணே டியூரேஷனைச் சொல்லிவிடும். ஆனால் ஒரு நிறுவனத்தின் 270-ஐ இன்னொன்றின் 266-உடன் நேராக ஒப்பிடக் கூடாது. வால்வு எவ்வளவு உயர்ந்த பிறகு எண்ணத் தொடங்குகிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு கேம்களை உண்மையில் ஒப்பிட வேண்டுமானால் 0.050 அங்குல (1.27 மி.மீ.) லிஃப்டில் அளந்த டியூரேஷனை இரண்டு தரப்பிடமும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஐந்து போர்ட் எஞ்சினின் தனிச் சிக்கல்

வேறு எஞ்சின்களுக்கு எழுதப்பட்ட கேம் அறிவுரை ஏ-சீரீஸில் தடுமாறுவதற்குக் காரணம் இதன் ஹெட். இன்லெட் போர்ட் (கலவை உள்ளே போகும் வழி) இரண்டே இரண்டு. 1, 2 சிலிண்டர்களுக்கு ஒன்று, 3, 4-க்கு ஒன்று. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. இதைக் கவனித்தால், 3 இழுத்து முடிப்பதற்குள் அதே போர்ட்டிலிருந்து 4 இழுக்கத் தொடங்குகிறது. 2-க்கும் 1-க்கும் இதே கதைதான்.

இரண்டு இன்லெட் வால்வுகளும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரம் எவ்வளவு? டியூரேஷனில் 180-ஐக் கழித்தால் போதும். 948 கேமில் 50 பாகை. மெட்ரோவில் 72. 731-இல் 88. 649-இல் 120. அந்த நேரத்தில் பின்னால் வரும் சிலிண்டர் முன்னதன் பங்கை இழுத்துக்கொள்ளும். குறைந்த சுற்றில் இது இன்னும் மோசம், ஏனென்றால் காற்றோட்டத்துக்கு உந்துவேகம் இல்லை. நான்கு சிலிண்டருக்கும் சமமான கலவை போவதில்லை. பெரிய கேம் போட்ட ஏ-சீரீஸ் ஐட்லிங்கில் விட்டுவிட்டு அடிப்பதற்கு ஓவர்லாப்போடு இதுவும் காரணம். கார்பரேட்டரை எத்தனை முறை சமன் செய்தாலும் இது முழுதாகப் போகாது. அதனால்தான் தனித்தனி இன்லெட் போர்ட் உள்ள எஞ்சினில் சாதுவாக நடந்துகொள்ளும் 280 பாகைக் கேம் இங்கே முரடாகத் தெரிகிறது.

கம்ப்ரஷனை விட்டுவிட்டுக் கேமை வாங்காதீர்கள்

இன்லெட் வால்வு கீழ் முனைக்குப் பிறகும் திறந்தே இருப்பதால், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கியும் அழுத்தம் சேராது. வால்வு மூடிய பிறகுதான் அமுக்கம் ஆரம்பம். 1275-இன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 81.28 மி.மீ., கனெக்டிங் ராட் 146 மி.மீ. இந்த அளவுகளில் கணக்குப் போட்டால், 45 பாகையில் மூடும்போது ஸ்ட்ரோக்கில் சுமார் 89 சதவீதம் அமுக்கத்துக்கு மிஞ்சுகிறது. 56-இல் மூடினால் 83. 64-இல் 78. 70-இல் 73.

பெயரளவில் 9:1 கம்ப்ரஷன் உள்ள 1275-ஐ எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைக் கேமில் உண்மையான அமுக்கம் 8.1. மெட்ரோ கேமில் 7.6. 731-இல் 7.2. 649-இல் 6.9. ஹெட்டைத் தொடாமல் கேமை மட்டும் மாற்றிவிட்டு “கீழ் இழுவையே போய்விட்டது, கேம் சரியில்லை” என்று வருத்தப்படுபவர்களின் வண்டியில் நடப்பது இதுதான். அதே 8.1-ஐத் திரும்பப் பெற மெட்ரோவுக்கு 9.6:1, 731-க்கு 10.1:1, 649-க்கு 10.7:1 வேண்டும்.

இதைக் கன அளவாகப் பார்த்தால் வேலை எவ்வளவு என்று தெரியும். 1275-இல் ஒரு சிலிண்டருக்கு 318.7 சி.சி. 9:1-க்கு மேல் முனையில் மிஞ்சும் மொத்த இடம் 39.8 சி.சி. 10:1-க்கு அது 35.4 ஆக வேண்டும். அந்த 4.4 சி.சி.யை ஹெட்டைச் சீவியோ பிஸ்டனை மாற்றியோ குறைக்க வேண்டும். கேஸ்கெட், பிஸ்டன் குழி, பிஸ்டன் தலைக்கும் பிளாக் மேல்தளத்துக்கும் உள்ள இடைவெளி எல்லாம் இந்த 39.8-க்குள் அடக்கம். சேம்பரை மட்டும் அளந்துவிட்டுச் சீவக் கொடுப்பவர்கள் 10:1 என்று நினைத்து அதை எட்டாமல் கீழேயே நிற்பார்கள். பெர்ஸ்பெக்ஸ் தகடும் ப்யூரெட்டும் வைத்து நான்கு சேம்பரையும் அளந்து, எல்லாவற்றையும் கூட்டிய பிறகே லேத் பட்டறைக்குப் போங்கள்.

இனி பெட்ரோல். இலங்கையில் பம்ப்களில் பொதுவாகக் கிடைப்பது 92, 95 ஆக்டேன். வார்ப்பிரும்பு ஹெட் உள்ள ஏ-சீரீஸில் 92-ஐ ஊற்றி 9.5:1-ஐத் தாண்டினால், கடுகண்ணாவ போன்ற ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் நாக்கிங் கேட்கும். இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளி அதை அடக்கினால் கேமால் கிடைத்த பலன் அதிலேயே கரைந்துவிடும். 92 மட்டுமே நிச்சயமாகக் கிடைக்கும் இடத்தில் ஓடும் வண்டிக்கு மெட்ரோ அளவுக் கேம்தான் மேல் எல்லை. 95-ஐ நம்பி ஓட்டுபவர் 266 வரை போகலாம்.

ஒவ்வொன்றாக

தொழிற்சாலைக் கேமையே வைத்துக்கொள்வதும் ஒரு தேர்வுதான். அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 948, 1098 மைனரில் 12ஜி295 என்ற எண்ணுள்ள ஹெட், ஒரே 1¼ அங்குல எஸ்.யூ. கார்பரேட்டருக்குப் பதில் இரட்டை எஸ்.யூ. அல்லது ஒரு 1½ அங்குல ஹெச்.எஸ்.4, நீளக் கிளை கொண்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், இவ்வளவே செய்தால் கேமைத் தொடாமலே வண்டி வேறு வண்டியாகத் தெரியும். கேம் மாற்றுவதற்கு எஞ்சினை இறக்க வேண்டும்; இவை எல்லாம் எஞ்சின் இருந்த இடத்திலேயே முடியும் வேலைகள். பழைய கேமின் லோப்கள் நன்றாக இருந்தால் முதலில் இதைச் செய்து ஓட்டிப் பாருங்கள்.

இதோடு சேர்த்துச் சிலர் 1.5 ராக்கர் (புஷ்ராட்டின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் நெம்பு) போடுகிறார்கள். பழைய ராக்கரின் விகிதம் 1.25-க்குச் சற்று மேல். 1.5 போட்டால் லிஃப்ட் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடும். திறக்கும், மூடும் நேரம் அதிகம் மாறாது, அதனால் ஐட்லிங் கெடாது. எஞ்சினை இறக்காமல் கிடைக்கும் பலன் என்பதால் இதை மதிக்கலாம். ஆனால் அதே அளவுக்கு லோப் மேல் விழும் சுமையும் கூடும், வால்வு கைடுகள் வேகமாகத் தேயும். ஸ்பிரிங் முழுதாக அமுங்கி முட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்: முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையில் மொத்தமாக 1.5 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். ஏற்கெனவே லிஃப்ட் அதிகமுள்ள புதுக் கேமுடன் 1.5 ராக்கரைச் சேர்ப்பது சாலை வண்டிக்கு வேண்டாத வேலை.

எம்.ஜி. மெட்ரோ கேமுக்கே இந்தக் கட்டுரையின் முதல் வாக்கு. 1982-இல் 1275 சி.சி. எம்.ஜி. மெட்ரோவுக்காக வந்தது, 72 குதிரைசக்தி தந்த எஞ்சின். மேலே உள்ள அட்டவணையை மறுபடி பாருங்கள். எக்ஸாஸ்ட் எண்கள் 731-இன் அதே எண்கள். இன்லெட் மட்டும் குறுகியது. இரண்டு எக்ஸாஸ்ட்டுகள் ஒன்றாகச் சேரும் நடு போர்ட் இந்த ஹெட்டின் பலவீனமான இடம். அங்கே அதிக நேரம் கொடுத்துவிட்டு, போர்ட் திருட்டு நடக்கும் இன்லெட் பக்கம் அடக்கமாக இருந்திருக்கிறார்கள். இந்த ஹெட்டின் குணம் அறிந்து செய்த வேலை அது. 1275-இல் 1,300 சுற்றிலிருந்தே இழுக்கும், 5,500 வரை மூச்சு வாங்காது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரே போதும், ஸ்பிரிங்கும் சாதாரணமானதே போதும். மலைப் பாதை, ஆள் ஏற்றிய வண்டி, ஊர் நெரிசல் என்று எதையும் சமாளிக்கும்.

731, கென்ட் 266, பைப்பர் 270 மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 731 பழைய பி.எம்.சி. நிறுவனத்தின் வடிவம், மற்ற இரண்டும் வால்வைச் சற்று வேகமாகவும் உயரமாகவும் தூக்கும் பிற்கால வடிவங்கள். 1275-இல் 2,000 சுற்றுக்குக் கீழே கொஞ்சம் சோம்பல் தெரியும், 2,500-இலிருந்து 6,000 வரை நல்ல ஓட்டம். ஐட்லிங்கை 900-க்கு மேல் வைக்க வேண்டிவரும். 1¾ அங்குல எஸ்.யூ. அல்லது இரட்டை 1¼, 9.75:1-க்கு மேல் கம்ப்ரஷன், 3.9 டிஃபரென்ஷியலோ அதைவிடக் குட்டையானதோ இருந்தால் அருமையாக அமையும். ஒரே 1¼ எஸ்.யூ.வோடு இதைப் போட்டால் மேல் சுற்றில் காற்று போதாது, கீழ் சுற்றில் இழுவை இராது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

276-ஐப் பரிந்துரைக்க மனம் வருவதில்லை. வார இறுதியில் மலையேற்றப் போட்டி, மற்ற நாளில் அலுவலகம் என்று இரண்டையும் ஒரே வண்டியில் செய்ய நினைப்பவர்கள் இதைத்தான் தேடிப் போகிறார்கள். 2,500-க்கு மேல்தான் உயிர் வரும். நெரிசலில் கிளட்ச்சைத் தேய்த்து ஓட்ட வேண்டியிருக்கும்.

286-உம் 649-உம் சாலைக்கானவை அல்ல. 286-க்கு 3,000-க்கு மேல், 649-க்கு 4,000-க்கு அருகில்தான் வேலை தொடங்கும். நெருக்கமான கியர் விகிதம், 45 வெபர் கார்பரேட்டர் அல்லது இரட்டை 1½ எஸ்.யூ., இரட்டை ஸ்பிரிங், 10.5:1-க்கு மேல் கம்ப்ரஷன், சமன் செய்த கிராங்க் இவை இல்லாமல் இவற்றைத் தொடக் கூடாது. ஐட்லிங்கில் மேனிஃபோல்ட் வெற்றிடம் சரிந்துவிடுவதால், பிரேக் செர்வோ உள்ள மினியில் மிதி கல்லாகிவிடும். அது பாதுகாப்புப் பிரச்சினை.

இந்தச் சுற்று எண்கள் எல்லாம் 1275-க்குச் சொன்னவை. எஞ்சின் சிறியதாக ஆக அதே கேம் அதற்குப் பெரியதாகத் தெரியும். 998-இல் 266 போட்டால் ஏறக்குறைய 500 சுற்று மேலே தள்ளித்தான் வேலை செய்யும். 1098-க்கு இன்னொரு எச்சரிக்கை. அதன் ஸ்ட்ரோக் 83.72 மி.மீ., எல்லா ஏ-சீரீஸிலும் நீளமானது. கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். 5,500-க்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் கிராங்க் தாங்காது. 6,000-இல் சக்தி தரும் கேமை அதில் போடுவதற்கு அர்த்தமே இல்லை.

வாங்கும் முன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை

ஏ-சீரீஸ் கேமின் பின்முனை ஆயில் பம்ப்பைச் சுழற்றுகிறது, அந்த முனை மூன்று வகை. பழைய சிறு எஞ்சின்களில் பின், பழைய 1275-இல் நட்சத்திர வடிவம், பிற்கால ஏ-பிளஸ் எஞ்சின்களில் ஸ்லாட். அசல் மெட்ரோ கேம் ஸ்லாட் வகை. பழைய எஞ்சினுக்கு அதை வாங்கினால் பம்ப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது அதே வடிவத்தில் உங்கள் முனையோடு வெட்டிய கேமைத் தேட வேண்டும். பிளாக் ஏற்கெனவே மாற்றப்பட்ட வண்டிகள் நிறைய இருப்பதால், காரின் ஆண்டை வைத்து ஊகிக்காமல் கழற்றிய கேமைப் பார்த்தே ஆர்டர் செய்யுங்கள். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள மினியானால் அதற்கான லோப் புதுக் கேமில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில போட்டிக் கேம்களில் அது இருக்காது. மைனரில் எலெக்ட்ரிக் எஸ்.யூ. பம்ப் என்பதால் கவலையில்லை.

பழைய கேமையே சாணை பிடித்து வேறு வடிவத்துக்கு மாற்றித் தருவார்கள், விலை குறைவு. உயரத்தைக் கூட்ட முடியாது என்பதால் அடிவட்டத்தைச் சீவித்தான் லிஃப்டை வரவழைக்கிறார்கள். மேலே உள்ள கடினப் படலம் போய்விடும்; மறுபடி கடினப்படுத்தாவிட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் லோப் மழுங்கும். புஷ்ராட் கீழே இறங்குவதால் ராக்கரின் கோணமும் மாறும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதற்குப் போகலாம்.

டேப்பெட்டுகள் (லோபுக்கும் புஷ்ராட்டுக்கும் நடுவில் இருப்பவை) எட்டும் புதிது. இதில் பேச்சுக்கே இடமில்லை. டேப்பெட்டின் அடி பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் மிக லேசாகக் குவிந்தது. லோப் மேல் அது சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. இரண்டு டேப்பெட்டுகளின் அடியை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் லேசாக ஆட வேண்டும். ஆடாமல் ஒட்டி நின்றால் அவற்றைத் திருப்பி அனுப்புங்கள். பழைய மைனர் பிளாக்கில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேப்பெட்டை எடுக்கலாம். மூடி இல்லாத 1275 பிளாக்கில், எஞ்சினைத் தலைகீழாக வைத்து, டேப்பெட்டுகளைப் போட்ட பிறகே கேமை உள்ளே தள்ள வேண்டும்.

கேமைச் சுழற்றும் டைமிங் செயினை இரட்டை வரிசைக்கு மாற்றுவது நல்லது. அப்படிச் செய்யும்போது முன் தகட்டில் உள்ள இரண்டு போல்ட்களின் தலை புதுச் செயினில் உரசும். அவற்றுக்குப் பதில் தலை உள்ளே அமிழும் ஸ்க்ரூ போட வேண்டும். லொகேட்டிங் பிளேட்டை இறுக்கிய பிறகு கேமின் முன்பின் ஆட்டம் 0.08 முதல் 0.18 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

டைமிங்: புள்ளிகளை நம்பாதீர்கள்

ஸ்பிராக்கெட்டில் உள்ள இரண்டு புள்ளிகளையும் எதிரெதிரே வைத்துப் பூட்டினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கீ பள்ளம், ஸ்பிராக்கெட், கேம் எல்லாவற்றிலும் சிறு பிழைகள் சேர்ந்து பல பாகை தள்ளிப் போகும். நல்ல கேமைக் கெட்ட கேம் ஆக்குவதற்கு 5 பாகைப் பிழை போதும்.

கிராங்கில் டிகிரி வீலைப் பூட்டுங்கள். முதலில் உண்மையான மேல் முனையைக் கண்டுபிடிக்க வேண்டும். மேல் முனையில் பிஸ்டன் சில பாகைக்கு அசையாமல் நிற்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் சிலிண்டர் மேல் ஒரு பட்டையைப் பூட்டி, பிஸ்டன் அதில் மெதுவாக முட்டும் வரை ஒரு பக்கம் சுற்றி எண்ணைக் குறியுங்கள்; மறுபக்கம் சுற்றி இன்னொரு எண். இரண்டுக்கும் நடு மேல் முனை.

அடுத்து முதல் சிலிண்டரின் இன்லெட் புஷ்ராட் மேல் டயல் கேஜ். வால்வு வரிசை முன்னாலிருந்து எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட், பிறகு அதே வரிசை. ஆக இரண்டாவது புஷ்ராட் உங்களுக்கு வேண்டியது. எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள், பின்னோக்கிச் சுற்றினால் செயினின் தளர்ச்சி அளவைக் கெடுக்கும். உச்சிக்கு 0.1 மி.மீ. முன்பு ஒரு பாகை, உச்சியைத் தாண்டி 0.1 மி.மீ. இறங்கியதும் இன்னொரு பாகை. உதாரணமாக 80-உம் 146-உம் வந்தால் நடு 113. கேமோடு வரும் அட்டை 110 என்றால் உங்கள் கேம் 3 பாகை தாமதம். ஆஃப்செட் கீ அல்லது நகர்த்தக்கூடிய ஸ்பிராக்கெட் கொண்டு சரிசெய்யுங்கள். கேமில் 1 பாகை என்பது கிராங்கில் 2 பாகை. ஆஃப்செட் கீ வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் எண் எதன் பாகை என்று கேட்டு வாங்குங்கள். செயின் தளரத் தளர டைமிங் தாமதமாகத்தான் போகும் என்பதால் ஒன்றிரண்டு பாகை முன்தள்ளி, 108 அல்லது 109-இல் வைப்பது சாலை வண்டிக்கு ஏற்றது.

998, 1098 பிளாக்கில் 1275-இன் 12ஜி940 ஹெட்டைப் போட்டிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இடிக்கும். அங்கே பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். முன்பே வெட்டியிருந்தாலும், புதுக் கேமின் லிஃப்டுக்கு அது போதுமா என்று களிமண் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்து அளக்கவும்.

முதல் இருபது நிமிடம்

கேம் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் ஓட்டத்தில்தான். புது லோபும் புது டேப்பெட்டும் ஒன்றோடொன்று இன்னும் பழகவில்லை. ஐட்லிங்கில் எண்ணெய்த் தெளிப்பு குறைவு, உச்சியில் அழுத்தம் அதிகம். அதனால் முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடவே கூடாது.

லோப்களிலும் டேப்பெட் அடியிலும் மாலிப்டினம் கலந்த அசெம்ப்ளி பசையைத் தடவுங்கள். டேப்பெட்டின் பக்கங்களுக்குச் சாதாரண எண்ணெய் போதும். இரட்டை ஸ்பிரிங் போட்டிருந்தால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முதல் ஓட்டத்தை முடியுங்கள். இக்னிஷன் டைமிங்கை நிலையாக வைத்து, கார்பரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, பிளக்குகளைக் கழற்றிச் சுற்றி எண்ணெய் அழுத்தம் வரவைத்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை நிமிடக்கணக்கில் ஸ்டார்ட்டரால் சுற்றுவது அந்தப் பசையைத் துடைத்தெடுக்கும் வேலை. ஸ்டார்ட் ஆனதும் 2,000-க்கும் 2,500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி 20 நிமிடம். ரேடியேட்டர் சூடானால் நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி அதே சுற்றில் தொடருங்கள். முடிந்ததும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

எண்ணெய் 20டபிள்யூ-50. அதில் துத்தநாகம்-பாஸ்பரஸ் சேர்மம் போதுமான அளவு இருக்க வேண்டும், பழைய டேப்பெட் எஞ்சின்களுக்கு 1,000 பி.பி.எம்.க்கு மேல் என்பது நல்ல அளவு. இன்றைய கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகப் பாஸ்பரஸை 800 பி.பி.எம்.க்குக் கீழே வைத்திருக்கிறார்கள். விலை அதிகம் என்பதால் அவை உங்கள் கேமுக்கு நல்லவை ஆகிவிடாது. தேவைக்கு மேல் பலமான ஸ்பிரிங்கும் இப்படித்தான் லோபைத் தின்னும். 266 வரை அதற்கெனச் சொல்லப்பட்ட ஸ்பிரிங்கைத் தாண்டிப் போக வேண்டாம்.

500 கிலோமீட்டர் ஓடியதும் வால்வு இடைவெளியைப் பாருங்கள். பழைய கேமின் 0.012 அங்குலம் புதுக் கேமுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், அட்டையில் உள்ள எண்ணையே வையுங்கள். ஒன்பதின் விதி இங்கே உதவும்: எந்த வால்வு முழுதாகக் கீழே இறங்கியிருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதில் கழித்தால் வருவதே நீங்கள் அளக்க வேண்டிய வால்வு. 3 கீழே இருந்தால் 6-ஐ அளங்கள். எட்டு எண்களையும் எழுதி வையுங்கள், அடுத்த 500-இல் மறுபடி. எல்லாம் கொஞ்சம் மாறியிருந்தால் பயமில்லை. ஒன்று மட்டும் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனால், அதுவும் எக்ஸாஸ்ட் வால்வாக இருந்து கார்பரேட்டர் வழியாக அவ்வப்போது “பட்” என்று திருப்பி அடித்தால், அந்த லோப் தேய்கிறது: எரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் இன்லெட் திறக்கும்போது அந்தப் பக்கம் பாய்கிறது. கார்பரேட்டரைப் பிரித்து நேரத்தைக் கழிக்காதீர்கள். டயல் கேஜை அந்த வால்வின் மேல் வைத்து லிஃப்டை அளந்து மற்ற எக்ஸாஸ்டுகளோடு ஒப்பிடுங்கள். 0.3 மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு டேப்பெட்டை வெளியே எடுங்கள். தேய்ந்த இரும்புத் தூள் அதற்குள் ஆயில் பம்ப்புக்கும் மெயின் பேரிங்குக்கும் போகத் தொடங்கியிருக்கும்.